தோட்டத்துச் சாளைக்குக் குடிவந்த கதை: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

திருப்பூரை விட்டுச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, வந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. கல்யாண வீட்டில், பஸ்ஸில், போனில் என்று எங்கே யாரைப் பார்த்தாலும் இதே கேள்விகள்தான். பழைய தெருக்காரர்களும் கேட்கிறார்கள், வீட்டுக்காரரின் கம்பெனி நண்பர்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சாயங்காலக் கறவைக்கு முன்னால் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் துண்டு துண்டாக எழுதியது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே இருக்கிறீர்கள்? எவ்வளவு பூமி? யார் யார் இருக்கிறீர்கள்?

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில், ஊதியூர் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர், அதில் கடைசி அரைக் கிலோமீட்டர் மண் தடம். நான்கு ஏக்கர். ஒன்றரை ஏக்கர் கொரங்காடு என்கிற மேய்ச்சல் பூமி, ஒரு ஏக்கர் தென்னை, முக்கால் ஏக்கர் முருங்கை, மிச்சத்தில் மாட்டுத் தீவனமும் வீடும் மாடு கட்டுகிற கட்டுத்தரையும். நான், வீட்டுக்காரர், எட்டாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன், மாமியார். அப்புறம் இரண்டு மாடு, ஒரு கன்று, பதினான்கு ஆடு, ஒரு நாய். கோழிக் கணக்கு தினமும் மாறும், பின்னால் சொல்கிறேன்.

நல்ல வேலையை விட்டுவிட்டு ஏன் போனீர்கள்?

இயற்கை வாழ்க்கை, மன அமைதி என்றெல்லாம் நினைத்துக்கொண்டு வரவில்லை. மாமனார் தவறிப்போனார். மாமியார் தனியாகச் சாளையில் இருந்தார், திருப்பூருக்கு வரச் சொன்னால் "மாட்டை ஆரு பாப்பாங்க?" என்று ஒரே கேள்விதான். அது 2022, நூல் விலை தாறுமாறாக ஏறி பனியன் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்துபோன வருடம். வீட்டுக்காரர் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசராக இருந்தார், கம்பெனியில் பாதிச் சம்பளத்துக்குப் பாதி வேலை என்று பேச்சு வந்தது. வாடகை வீட்டுக்குக் கொடுக்கிற காசையும் பள்ளிக்கூட ஃபீஸையும் கூட்டிப் பார்த்தோம், வந்துவிட்டோம். யோசித்து முடிவெடுத்ததில் பாதிதான், வேறு வழியில்லாமல் எடுத்தது பாதி.

ஒரு நாள் எப்படிப் போகும்?

நாலே முக்காலுக்கு எழுந்திருக்க வேண்டும். பால்காரர் ஆறு மணிக்கு ரோட்டில் வண்டியோடு நிற்பார், ஆறு ஐந்துக்குப் போய்விடுவார், அவருக்கு என் கதை தெரியாது. கட்டுத்தரையில் சாணி வாரிக் கூட்டி, மடி கழுவி, கன்றை ஊட்டவிட்டு, கறந்து முடிக்க முக்கால் மணி நேரம். முதல் ஆறு மாதம் எனக்குக் கறக்க வரவில்லை. மாடு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாலை அடக்கிக்கொள்ளும். மாமியார் பக்கத்தில் வந்து நின்று "ஹை" என்று ஒரு சத்தம் கொடுத்தால் அதே மாடு தாராளமாக இறக்கும். அந்த அவமானத்தை இன்னும் மறக்கவில்லை.

ஏழே முக்காலுக்கு மகளுக்குப் பஸ். மகன் ஊர்ப் பள்ளிக்கு அப்பாவோடு வண்டியில். எட்டரை மணிக்கு ஆடுகளைக் கொரங்காட்டுக்குள் விட்டு, வேலிக் கதவான படலைச் சாத்துவது மாமியார் வேலை, அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டார். அதன் பிறகு தீவனப்புல் அறுப்பது, முருங்கை பறிக்கிற நாளாக இருந்தால் பறித்துக் கட்டுவது, துணி, சமையல். மத்தியானம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது என்று எழுதாத சட்டம். மூன்றரைக்கு மறுபடி கறவை. ஆறு மணிக்கு ஆடு பட்டிக்கு, கோழி கூட்டுக்கு. எட்டரைக்கு எல்லோரும் தூங்கிவிடுவோம், திருப்பூரில் அந்த நேரத்துக்கு நான் தோசைக்கு மாவு வாங்கப் போவேன்.

கரண்ட் வருகிற நேரத்தைப் பொறுத்து இதெல்லாம் தலைகீழாகும். அதற்குத் தண்ணீர்க் கதை சொல்ல வேண்டும்.

தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்?

பூமி எவ்வளவு என்று கேட்கிறவர்கள் தண்ணீர் எவ்வளவு என்று கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

எங்கள் பக்கம் வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் பெய்தால் நல்ல வருடம். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிடும். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் பாய்கிற பூமிக்கு நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். வாய்க்காலில் தண்ணீர் போனால் பக்கத்துக் கிணறுகளும் ஊறும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, வாய்க்கால் தள்ளிப் போய்விட்டது.

இருப்பது மாமனாரின் அப்பா காலத்துக் கிணறு, 90 அடி. அதில் எங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. ஒரே மோட்டார், ஒரே சர்வீஸ் (மின் இணைப்பு), மூன்று பங்காளிகள். ஆறு நாளைக்கு இரண்டு நாள் எங்கள் முறை. எங்கள் முறை நாளில் கரண்ட் இல்லாமல் போனால் அது எங்கள் தலைவிதி, அடுத்தவர் முறையில் கை வைக்கக் கூடாது.

வந்த முதல் கோடையில் ஒரு நாள் வீட்டுக்காரர் திருப்பூரில் மாட்டிக்கொண்டார், எங்கள் முறை, மோட்டார் ஓடுவதற்கான மும்முனை மின்சாரம் ராத்திரி ஒரு மணிக்கு வந்தது. டார்ச்சும் கம்பும் எடுத்துக்கொண்டு போய் மோட்டாரைப் போட்டேன். மடை மாற்றத் தெரியாமல் வரப்பை வெட்டிவிட்டு, தண்ணீர் தென்னைக்குப் போகாமல் தடத்தில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு அழாக்குறையாக நின்றேன். அடுத்த காட்டிலிருந்து "ஆரது?" என்று ஒரு குரல். வீட்டுக்காரரின் சித்தப்பா, எங்களோடு கிணற்றுப் பங்கில் ஓயாமல் சண்டை போடுகிறவர். வந்தார், மண்வெட்டியை வாங்கினார், நாலு வெட்டில் சரி செய்தார், "போய்ப் படு அம்மணி, நா பாத்துக்கறேன்" என்றார். மறுநாள் காலையில் வழக்கம்போல என் மாமியாரிடம் அரை மணி நேரம் மோட்டாரைக் கூடுதலாக ஓட்டிவிட்டோம் என்று சண்டை. இரண்டும் அதே மனுஷர்தான்.

போர்வெல் போட்டோமா என்று கேட்பீர்கள். போட்டோம். கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார், படுத்திருந்த தேங்காய் எழுந்து நின்றது, எங்கள் எல்லோருக்கும் புல்லரித்தது. 720 அடி வரை வெறும் புகைதான் வந்தது. அந்தக் குழியை மூடி போட்டு இறுக்கி மூடிவிட்டோம், பிள்ளைகள் இருக்கிற இடம்.

கடைசியில் உதவியது சொட்டுநீர்தான். ஐந்து ஏக்கருக்குள் இருந்தால் தாசில்தார் அலுவலகத்தில் சிறு குறு விவசாயி சான்று வாங்கலாம். அது இருந்தால் சொட்டுநீருக்கு அரசு 100 சதவீதம் மானியம் தருகிறது, மற்றவர்களுக்கு 75. மடை மாற்றுகிற வேலை போயிற்று, பாதித் தண்ணீரில் தென்னை பிழைக்கிறது. அணில் கடித்த இடத்தை அடைக்கிற வேலை புதிதாக வந்தது.

குடிக்க உள்ளாட்சிக் குழாய்த் தண்ணீர், அதுவும் எங்கள் சாளைக்கு லைன் இல்லாததால் ஊருக்குள் போய் குடத்தில் பிடித்து வண்டியில் கொண்டு வருவது. கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் பருப்பு வேகாது, தலைமுடி கயிறாகும்.

விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம்தானே, அப்புறம் என்ன கவலை?

கிணற்று மோட்டாருக்கு இலவசம். வீட்டுக்கு அது கிடையாது, தனி மீட்டர், இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் மட்டும் இலவசம். விவசாய சர்வீஸிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுத்தால் அபராதம் போடுவார்கள், சில பேர் இழுக்கிறார்கள், நாங்கள் இழுக்கவில்லை. மும்முனை வருகிற நேரம் சொல்ல முடியாது என்பதால் மோட்டாருக்குப் போனில் இயக்குகிற ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறோம். இப்போதெல்லாம் ராத்திரி ஒரு மணிக்குப் படுத்தபடியே மோட்டார் போடுகிறேன்.

அந்தக் கொரங்காட்டை உழுது ஏதாவது போடலாமே? ஒன்றரை ஏக்கர் சும்மா கிடக்கிறதே?

திருப்பூர்க்காரர்கள் மட்டுமல்ல, நானும் முதலில் இதைத்தான் கேட்டேன்.

சும்மா கிடக்கவில்லை. கொரங்காடு என்பது இந்தப் பக்கத்து மேய்ச்சல் பூமி. சுற்றிலும் கிளுவை வேலி. கிளுவைக் குச்சியை வெட்டி நட்டால் முளைத்துக்கொண்டு முள்ளோடு நெருக்கமாக வளரும், கம்பி வேலிக்குச் செலவில்லை. உள்ளே தானாக முளைக்கிற கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மழை பெய்தால் புல் தழைக்கும், காய்ந்தால் காய்ந்த புல்லையே மாடு தின்னும், கோடையில் வெள்வேலங்காய் உதிரும், ஆடுகள் அதற்காக மரத்தடியில் காத்துக் கிடக்கும். உழவில்லை, உரமில்லை, தண்ணீரில்லை. காங்கேயம் மாடு இந்தப் புல்லில் உருவான இனம். கொரங்காட்டை அழித்து வேறு போட்டவர்கள் தீவனம் விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். எங்களுடையது சின்னது, அதனால் இரண்டாக அடைத்து மாற்றி மாற்றி மேய்க்கிறோம்.

காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதத்தில் நிறம் மாறிச் சாம்பலாகிவிடும். இது தெரியாமல் மகன் தன் கன்றுக்கு "செவலை" என்று பெயர் வைத்து, அது வெளுக்க வெளுக்க ஏதோ நோய் என்று பயந்து அழுதான். இப்போதும் அந்தச் சாம்பல் மாட்டுக்குப் பெயர் செவலைதான்.

பாம்பு?

வரும். எல்லோரும் முதலில் கேட்பது இதுதான், பிள்ளைகளும் இருக்கிற வீடு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதிகம் பார்ப்பது சாரை, அது எலி பிடிக்க வருவது, விட்டுவிடுவோம். பயப்பட வேண்டியது நான்கு: நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன். நம் ஊர் விஷமுறிவு மருந்து இந்த நான்குக்கும் சேர்த்துத்தான் தயாராகிறது. அதற்கான விஷத்தை எடுத்துக்கொடுப்பதில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்குகிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் மாதிரி வறண்ட காட்டில் கல் குவியலுக்கு அடியில் இருப்பது சுருட்டை, சின்னதாக இருப்பதால் மிதிக்கிற வரைக்கும் தெரியாது. கண்ணாடி விரியன் சீறுவது குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி. கட்டு விரியன் ராத்திரியில் தரையில் படுத்திருக்கிறவர்களைக் கடிக்கும், கடித்த இடத்தில் வலிகூட இருக்காது, விடியற்காலையில் வயிற்று வலி, இமை தொங்குவது என்று ஆரம்பிக்கும். அதனால் எங்கள் வீட்டில் யாரும் தரையில் படுப்பதில்லை, கட்டில், கொசுவலை, வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் சொருகுவது கட்டாயம். மாமியாருக்கு மட்டும் இதை ஒப்புக்கொள்ள இரண்டு வருடம் ஆனது.

கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு. பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம் என்று வந்த வாரமே வண்டியில் போய் நேரம் பார்த்து வைத்தோம். எங்களுக்கு இதுவரை தேவைப்படவில்லை. நாய் ஒன்றை இழந்தோம்.

பிள்ளைகளின் படிப்பு கெட்டுப் போகாதா?

மகள் திருப்பூரில் தனியார் பள்ளியில் ஆங்கில வழியில் படித்தாள். இங்கே அரசுப் பள்ளி, ஆறாவதிலிருந்து. முதல் வருடம் என்னோடு சரியாகப் பேசவில்லை. தோழிகள் போனது, டான்ஸ் கிளாஸ் போனது, சாயங்காலம் தனியாக எங்கேயும் போக முடியாதது எல்லாம் சேர்ந்து அவளுக்குப் பெரிய இழப்புதான், அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. இப்போது பரவாயில்லை, பஸ்ஸில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

மகனுக்கு இதுதான் உலகம். ஊர்த் தொடக்கப் பள்ளியில் மொத்தமே முப்பத்தொரு பிள்ளைகள். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு எனக்கு ஒரு டிபன் மிச்சம். வீட்டில் தொடாத ரவா உப்புமாவைப் பள்ளியில் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான், அது எந்த மாயம் என்று தெரியவில்லை.

டியூஷன் கிடையாது. நெட் மழை பெய்தால் போய்விடும்.

மாதம் எவ்வளவு வருகிறது? தோட்டத்து வருமானத்தில் குடும்பம் ஓடுமா?

ஓடாது. எங்கள் நான்கு ஏக்கரில், எங்கள் தண்ணீரில், ஓடாது.

கறவை மாடு ஒன்று, ஜெர்சி கலப்பு. ஒரு நாளைக்கு 9 லிட்டர், வீட்டுக்கு 2 போக 7 லிட்டர் ஊற்றுகிறோம். கொழுப்பும் சத்தும் பார்த்து விலை, சராசரியாக லிட்டர் 36 ரூபாய் என்றால் நாளைக்கு 250 சொச்சம். தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, சோளத்தட்டு என்று 140, 150 போய்விடும். அதுவும் வருடம் முழுக்க இல்லை, கன்று போடுவதற்கு முந்தின இரண்டு மாதம் பால் வற்ற விட வேண்டும், தீவனம் மட்டும் போட்டாக வேண்டும். காங்கேயம் மாடு இரண்டு லிட்டர் கறந்தால் அதிகம், அது கன்றுக்கே சரியாக இருக்கும், பாலுக்கென்று அதை யாரும் வளர்ப்பதில்லை.

முருங்கையை நம்பவே முடியாது. மூலனூர் பக்கம் முருங்கைக்குப் பேர் போன இடம், எங்களுக்கும் சந்தை கிட்டத்தான். ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய்க்கும். கிலோ 5 ரூபாய்க்குப் போட்டுவிட்டு வந்த வாரமும் உண்டு, ஐப்பசி மழையில் பூ கொட்டி எல்லோருக்கும் காய் இல்லாதபோது 80-ஐத் தாண்டிய வாரமும் உண்டு. அந்த வாரம் எங்கள் மரத்திலும் பூ கொட்டியிருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? முதல் வருடம் ஆசைப்பட்டுத் தக்காளி போட்டோம். 14 கிலோ பெட்டி 70 ரூபாய்க்குப் போனது, பறிக்கிற கூலி அதைவிட அதிகம். கடைசிப் பறியை மாட்டுக்குப் போட்டோம், இரண்டு நாள் தின்றது, மூன்றாம் நாள் அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தென்னை அறுபத்து நான்கு மரம். காண்டாமிருக வண்டு, கூன் வண்டு, இப்போது இலைக்கு அடியில் வெள்ளை ஈ என்று ஒன்று மாற்றி ஒன்று. இருந்தாலும் நாங்கள் அதிகம் கை வைக்காமல் காசு தருவது அதுதான். ஆடுகள் அவசரத்துக்கு வங்கி மாதிரி, மகளின் சைக்கிள் இரண்டு கிடாய்க்குட்டி.

வருடம் முழுவதையும் கூட்டிக் கழித்தால் மாதம் ஒன்பது, பத்தாயிரம் நிற்கும். வீட்டுக்காரர் வாரம் இரண்டு நாள் திருப்பூர் போய், மிச்ச நாள் போனில் வேலை பார்த்து வாங்குகிற பதினெட்டாயிரம்தான் குடும்பத்தை நடத்துகிறது. வாடகை இல்லை, பள்ளி ஃபீஸ் இல்லை, பால், தேங்காய், கீரை, முட்டை வாங்குவதில்லை என்பதால் இந்த இருபத்தெட்டில் ஓடுகிறது. முழுச் சம்பளத்தில் திருப்பூரில் ஓடியதைவிடக் கொஞ்சம் நிம்மதியாகவே ஓடுகிறது, சேமிப்பு மட்டும் இல்லை.

ஆள் வைத்துக்கொள்ள முடியாதா?

கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம். காலையில் மில் வேனும் கம்பெனி வேனும் ஊருக்குள் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். நிழலில் வேலை, மாதச் சம்பளம், யார்தான் வெயிலில் களை வெட்ட வருவார்கள்? நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் வேனில்தான் ஏறியிருப்பேன்.

எல்லாம் ஆர்கானிக்கா?

கொரங்காடு ஆர்கானிக். முருங்கைக்கு மருந்து அடிக்கிறோம்.

கோழி வளர்த்து நல்ல லாபம் என்கிறார்களே?

நாற்பது குஞ்சு வாங்கிவிட்டோம். கீரி, பருந்து, காக்கா என்று ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டன. சித்திரை வெயிலில் வெள்ளைக் கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் பாதி போயிற்று. தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பதினொன்று மிஞ்சியது. நேற்று எண்ணும்போது பதினேழு, இதில் இரண்டு பக்கத்துக் காட்டுக் கோழியாகவும் இருக்கலாம்.

மயிலைப் பற்றியும் கேட்பார்கள், பார்க்க அழகாக இருக்குமே என்று. சோளம் விதைத்தால் முளைக்கிற முன்னாலேயே கிளறித் தின்றுவிடும். தேசியப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, தொட முடியாது. தகர டப்பாவைத் தட்டினால் ஒரு வாரம் பயப்படும், அப்புறம் டப்பா சத்தத்துக்கே நடனமாடும்.

ராத்திரி பயமாக இல்லையா?

இருக்கிறது. அடுத்த சாளை 400 மீட்டர் தள்ளி. இந்தப் பக்கம் ஊர் என்று சேர்ந்திராமல் அவரவர் தோட்டத்தில் தனித்தனியாகத்தான் வீடுகள். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேர், 2025-ல் சிவகிரி பக்கம் ஒரு வயதான தம்பதி கொலை செய்யப்பட்டார்கள். அதற்குப் பிறகு இங்கே யாரும் பழைய மாதிரி திண்ணையில் படுப்பதில்லை. நாங்கள் வாசலுக்கும் கட்டுத்தரைக்கும் கேமரா வைத்தோம், முன்பக்கம் கிரில் போட்டோம், பங்காளிகளோடு ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தோம். கிணற்றுச் சண்டை அந்தக் குழுவிலும் நடக்கும், ஆனால் ராத்திரி நாய் விடாமல் குரைத்தால் "என்னாச்சு" என்று முதலில் கேட்பது அந்தச் சித்தப்பாதான்.

2023 தொடக்கத்தில் ஊதியூர் மலைப் பக்கம் சிறுத்தை நடமாடி வனத்துறை கூண்டு வைத்ததும் நாங்கள் இருந்தபோதுதான். அந்த மாதங்களில் ஆடுகளைவிட எங்களுக்குத்தான் தூக்கமில்லை. ஆனால் நடைமுறையில் ஆட்டுக்குப் பெரிய எமன் தெருநாய்க் கூட்டம். ராத்திரி பட்டிக்குள் புகுந்தால் தின்பதற்குக் கடிக்காது, இருப்பதையெல்லாம் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

மாமியாரோடு ஒரே வீட்டில்? சமாளிக்க முடிகிறதா?

நான்தான் அவர் வீட்டுக்கு வந்தவள் என்பது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. எந்தச் சட்டி எங்கே, எந்த ஆடு எப்போது சினையானது, எந்தத் தென்னை யார் நட்டது என்று எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. எனக்கு போனில் கணக்கு எழுதத் தெரியும், அவருக்குக் கணக்கே எழுத வேண்டியதில்லை. சண்டை வரும். பெரும்பாலும் சமையலில் வராது, அவர் கொள்ளுப் பருப்பு கடைந்து சந்தகை பிழிந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். மாட்டில்தான் வரும். தடுப்பூசி போட்டால் பால் குறையும் என்பார். கோமாரி நோய்க்கு ஊசி போட கால்நடை மருத்துவர் வந்த அன்றைக்கு மாட்டை அவிழ்த்துக் கொரங்காட்டின் கடைசி மூலைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். "அத்தை, மாடு செத்தாப் பரவாயில்லையா?" என்று கத்திவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே "அந்த ஊசிக்காரரை வரச் சொல்லு" என்றார்.

கல்யாணம் காட்சிக்கு ஏன் குடும்பமாக வருவதில்லை? பிடிக்காமல் போய்விட்டதா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

பிடிக்காமல் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வர முடியாது. திருப்பூரில் பூட்டைப் போட்டுச் சாவியைக் கைப்பையில் போட்டால் முடிந்தது. இங்கே காலையில் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை, ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் மாட்டுக்குத் தெரியாது. கறக்காமல் விட்டால் மடி வீங்கிக் காய்ச்சல் வரும். ஆடு அடைக்க வேண்டும், கோழி அடைக்க வேண்டும், தண்ணீர் முறை வரும், இப்போது திருட்டுப் பயமும் சேர்ந்துவிட்டது. மூன்று வருடத்தில் நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாக ஒரு ராத்திரி வெளியே தங்கியதில்லை. என் சொந்தத் தங்கையின் வளைகாப்புக்கு நான் மகளோடு போனேன், வீட்டுக்காரர் மகனோடு இங்கே இருந்தார். நாத்தனார் வீட்டுப் புதுமனைக்கு அவரும் அத்தையும் போனார்கள், நான் இருந்தேன். போட்டோக்களில் எப்போதும் ஒருவர் குறைவார். யாரும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சுதந்திரமாக வாழப் போனீர்கள் என்று சிலர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். மாட்டை முளைக்குச்சியில் கட்டியிருக்கிறோம், கயிற்றின் அந்த முனை எங்கள் இடுப்பில்.

நாங்களும் இப்படிப் பூமி வாங்கலாம் என்று இருக்கிறோம். என்ன பார்க்க வேண்டும்?

நாங்கள் வாங்கவில்லை, இருந்ததற்கு வந்தோம். அப்படியும் காகிதத்தைச் சரி செய்யவே எட்டு மாதம் ஆனது.

பட்டா தனியா கூட்டா என்று பாருங்கள். எங்களுடையது கூட்டுப் பட்டாவாக இருந்ததால் எந்த மானியத்துக்குப் போனாலும் எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் கேட்டார்கள். பட்டாவில் ஹெக்டேர் கணக்கு இருக்கும், நான்கு ஏக்கர் என்றால் 1.62 ஹெக்டேர், விற்கிறவர் வாயால் சொல்கிற ஏக்கரோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். வில்லங்கச் சான்று எல்லோரும் எடுப்பார்கள், நிலத்தின் அளவைக் காட்டுகிற புலப்படத்தை யாரும் பார்ப்பதில்லை. அதில் தடம் இருக்கிறதா? வண்டி போகிற தடம் படத்திலும் பத்திரத்திலும் இல்லாமல் "காலங்காலமா இப்படித்தானுங்க போறோம்" என்று வாயால் மட்டும் இருந்தால், பக்கத்துக் காட்டுக்காரர் மனது மாறுகிற வரைதான் அது தடம். கிணற்றில் எத்தனை பங்கு, எந்த நாள் முறை, மோட்டார் சர்வீஸ் யார் பெயரில் என்பது பத்திரத்தில் எழுத்தாக வேண்டும்.

பங்குனி, சித்திரையில் போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள். மார்கழியில் எல்லாக் கிணறும் அழகாகத்தான் இருக்கும். அப்புறம் ஆடி மாதம் ஒரு தடவை போங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் பக்கம் வெறி பிடித்து அடிக்கும், காற்றாலைக்காரர்கள் சும்மா இங்கே வந்து நிற்கவில்லை. முதல் ஆடியில் கட்டுத்தரையின் தகரக் கூரை பறந்து சித்தப்பா காட்டில் விழுந்தது, நல்லவேளை யாரும் அங்கே இல்லை.

திரும்பி வந்துவிடுவீர்களா?

மகள் பத்தாவது முடிக்கட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. அத்தை முன்னால் அதைப் பேசுவதில்லை.

லீவுக்கு வந்து நாலு நாள் தங்கலாமா?

தாராளமாக. பொங்கல் நோம்பிக்கு வந்தால் நல்லது. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை வைத்துக் காப்புக் கட்டுவதிலிருந்து பார்க்கலாம். பட்டிப் பொங்கல் அன்றைக்குக் கட்டுத்தரையில் சின்னதாகத் தெப்பக்குளம் வெட்டித் தண்ணீர் விட்டு, மாட்டை அதைத் தாண்டவிட்டு "பட்டி பெருக" என்று கத்துவோம். மகன் மூன்று நாளைக்குத் தொண்டை கட்டிக்கொண்டு திரிவான். சித்திரையில் வேண்டாம், குளிக்கவே தண்ணீர் எண்ணித்தான் தருவேன். ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம், நல்ல டார்ச் லைட் ஒன்று வாங்கி வாருங்கள்.

மூன்றரைக்கு மேல் வந்தால் வாசலில் யாரும் இருக்க மாட்டோம், நேராகக் கட்டுத்தரைக்கு வந்துவிடுங்கள். நாய் குரைக்கும், கடிக்காது. வருகிற வழியில் ஒரு படல் இருக்கும், திறந்தால் மறக்காமல் சாத்திவிட்டு வாருங்கள். போன தடவை வந்தவர்கள் திறந்து போட்டுவிட்டு வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள், பதினான்கு ஆடும் சித்தப்பாவின் சோளத்துக்குள் நின்றன.